சட்டாம்பிள்ளை லண்டன் போனார்: பரோ ரோடு ஆசிரியர் கல்லூரியின் வரலாறு

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதர்க் என்றொரு பகுதி. அங்கே பரோ ரோடு என்ற தெருவில் இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஓர் ஏழைப் பள்ளிக்கூடம் நடந்தது. ஆசிரியர்களைப் பழக்கும் நிலையம் ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளைத்தது. பிறகு அது கல்லூரியாயிற்று, ஊரின் மேற்கே இடம் பெயர்ந்தது, வேறு கல்லூரிகளோடு சேர்ந்து பெயரை இழந்தது, கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கரைந்தது. 2006-இல் அதன் வளாகமும் மூடப்பட்டது. இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி வளர்ந்த வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பரோ ரோட்டிலிருந்துதான் தொடங்குவார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னும் கொஞ்சம் பின்னால் போய், சென்னை எழும்பூரிலிருந்து தொடங்குவதே சரி. அந்தக் கல்லூரி எதைக் கற்பிக்கப் பிறந்ததோ அதன் ஒரு வேர் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் இருக்கிறது. இதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பெருமையோடு நிறுத்திவிட்டால் கதையின் பாதி நழுவிப் போகும். திண்ணையில் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளுக்கு நடுவே வாத்தியாருக்குத் துணையாக இருந்தவன் சட்டாம்பிள்ளை. லண்டனில் அவன் ஆயிரம் பிள்ளைகளுக்கு வாத்தியாராகவே ஆக்கப்பட்டான். அந்தக் கணக்கு எப்படித் தவறியது, தவறிய இடத்தில் உண்மையான ஆசிரியர் எப்படித் தேவைப்பட்டார் என்பதுதான் பரோ ரோடு கல்லூரியின் வரலாறு என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தில் 1789-இல் ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை விடுதி ஒன்று இயங்கத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். விடுதியின் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் சில காலம் இருந்துவிட்டு 1787-இல் சென்னைக்கு வந்திருந்தார். பள்ளியில் உதவி ஆசிரியர்கள் சம்பளம் வாங்கினார்கள். பிள்ளைகள் மட்டும் எழுத்துக்கூட்டக்கூடக் கற்கவில்லை.

ஒருநாள் காலை குதிரைமேல் போகும்போது பெல் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் அப்படித்தான் குறிப்பிட்டார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதிக்குத் திரும்பியதும் அரிச்சுவடி வகுப்பை மணலில் நடத்தச் சொன்னார். அந்த வகுப்பின் ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடியாத காரியம் என்று சாதித்தார். பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். பதினோரு வயது ஆனபோது, தன்னைவிடச் சின்னவர்களான உதவியாளர்களை வைத்துக்கொண்டு தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் அவன் பார்த்துக்கொண்டான்.

பெல் 1796-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு சென்னை விடுதியில் செய்த கல்விச் சோதனை பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது அதனால்தான். மணலில் எழுதும் வழக்கத்தை இந்நாட்டுப் பள்ளியில் கண்டதாக அவரே ஒத்துக்கொண்டார். பிள்ளையைக்கொண்டு பிள்ளைக்குக் கற்பிக்கும் யோசனை மட்டும் தனக்கே தோன்றியது என்பது அவர் கட்சி. இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மணலைப் பார்த்தவர் கண்ணில் சட்டாம்பிள்ளை படாமல் இருந்திருப்பானா? தெருவோடு போகிறவருக்கு முதலில் காதில் விழுவது அவன் குரலும், அவன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகளின் கூச்சலுமாகத்தானே இருந்திருக்கும்!

பெல்லுக்கு வெகு முன்பே இதைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. 1623-இல் இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டு இக்கேரியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். பக்கத்தில் வாத்தியார் இல்லை. பாடத்தை இராகமாகச் சொல்லிக்கொண்டே மணல் பரப்பிய தரையில் விரலால் எழுதி, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள்.

பெல்லுக்குப் பிந்திய சாட்சி இன்னும் வலுவானது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் நாட்டுப் பள்ளிக்கூடங்களின் விவரம் கேட்டார். பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய பதில் மற்றவர்களுடையதைப்போல வெறும் அட்டவணை இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவன் கையில் சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே வரிசையாக ஏறிக்கொண்டு போகும். சோம்பேறிப் பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கப்பி வைத்து உத்திரத்தில் தொங்கவிடுவதும் உண்டு என்கிறார். நம் ஊரில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைக் கேம்பெல் மனதாரப் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றே எழுதினார். பெல்லாரி தமிழ் மாவட்டம் இல்லை, தெலுங்கும் கன்னடமும் வழங்கும் சீமை. ஆனால் உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரத்தில்' காட்டும் காவிரிக்கரைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் படித்தவர்களுக்கு இந்த அறிக்கை அந்நியமாகப் படாது.

அந்த அறிக்கையில் எல்லோரும் விட்டுவிட்டுப் போகும் எண் ஒன்று இருக்கிறது. பெல்லாரியில் 533 பள்ளிக்கூடங்கள். படித்தவர்கள் 6,641 பேர். ஒரு பள்ளிக்குச் சராசரி பன்னிரண்டு பிள்ளைகள். மன்றோ 1826-இல் மாகாணம் முழுவதற்கும் தொகுத்தபோது 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பள்ளிக்குப் பதினைந்து பேர். பன்னிரண்டு பேரில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாத்தியார் அதே திண்ணையில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறார். எந்தப் பிள்ளை எந்த ஏட்டில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். சட்டாம்பிள்ளை தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அவர் காதில் விழும்.

அந்தத் திண்ணைகளைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அநேகமாக அங்கே இடமே இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை எல்லோரும் வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்த மனிதரை இனி லண்டனில்தான் பார்க்கப்போகிறோம்.

ஜோசப் லங்காஸ்டர் 1778-இல் சதர்க்கில் பிறந்தவர். பதினான்கு வயதில், ஜமைக்காவுக்குப் போய் அங்குள்ள கறுப்பின அடிமைகளுக்கு வேதம் படிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று வீட்டைவிட்டு ஓடிய ஆள். குவேக்கர் சமயப் பிரிவைத் தழுவினார். 1798-இல் தன் தகப்பனார் வீட்டிலேயே அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். விரும்புகிறவர்கள் பிள்ளைகளை இலவசமாக அனுப்பலாம், இலவசமாகப் படிக்க வைக்க மனமில்லாதவர்கள் பணம் கொடுக்கலாம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பையும் வைத்தார். வந்த கூட்டம் வீட்டுக்குள் அடங்கவில்லை. பரோ ரோட்டில் பெரிய கூடம் போட்டார். நூறு, முந்நூறு, எண்ணூறு, ஆயிரம் என்று பிள்ளைகள் பெருகினார்கள். உதவி ஆசிரியர் வைக்கக் கையில் காசில்லை. ஆகவே தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லட்டும் என்று விட்டார். வறுமை கற்றுக்கொடுத்த வழி அது. பெல்லின் புத்தகத்தை அதற்குப் பிறகே படித்தார். பெல்லுக்குத் தன் நன்றியையும் 1803-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 1804-இல் பெல் பாதிரியாராக இருந்த ஸ்வானேஜ் ஊருக்கே போய் அவரைப் பார்த்தும் வந்தார். அப்போது இருவருக்கும் நடுவே பகை ஒன்றும் இல்லை.

அந்தக் கூடம் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால்தான் பிறகு வந்ததெல்லாம் புரியும். நீளவாக்கில் ஒரே அறை. ஒருமுனையில் மேடை, அதன்மேல் ஆசிரியர். அவர் முன்னே வரிசை வரிசையாக நீண்ட பெஞ்சுகள். முதல் வரிசையில் மிகச் சின்னவர்கள். அவர்களுக்கு விளிம்பு கட்டிய மணல் மேசை. சட்டாம்பிள்ளை ஓர் எழுத்தைப் போட, பிள்ளைகள் விரலால் அதைப் பார்த்துப் போடுவார்கள். பலகையால் ஒரு தடவு தடவினால் மணல் அடுத்த எழுத்துக்குத் தயார். பின் வரிசைகளில் கற்பலகை. சட்டாம்பிள்ளை ஒரு சொல்லைச் சொல்வான். வரிசை முழுதும் எழுதும். பலகையைக் காட்டு என்று கட்டளை வந்ததும் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் உயரும். புத்தகம் ஆளுக்கொன்று கிடையாது. பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று படித்துவிட்டு அடுத்த குழுவுக்கு இடம் விடுவார்கள். தொப்பி மாட்ட ஆணியும் வேண்டாம், தேடி எடுக்க நேரமும் வேண்டாம் என்று தொப்பியைக் கயிற்றில் கோத்து அவரவர் முதுகிலேயே தொங்கவிடச் சொன்னார் லங்காஸ்டர்.

சட்டாம்பிள்ளைகளுக்குள்ளும் படிநிலை உண்டு. வகுப்புக்கு ஒருவன், வராத பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒருவன், மேல்வகுப்புக்கு யார் போகலாம் என்று சோதிக்க ஒருவன், காகிதத்தில் கோடு போட ஒருவன், பேனா சீவ ஒருவன், எல்லோருக்கும் மேலே ஒரு தலைமைச் சட்டாம்பிள்ளை. குவேக்கர் ஆகையால் லங்காஸ்டருக்குப் பிரம்படி பிடிக்காது. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த தண்டனைகள் பிரம்பே தேவலை என்று நினைக்க வைப்பவை: கழுத்தில் மரக்கட்டை, காலில் தளை, அடங்காத பிள்ளையைக் கூடையில் உட்காரவைத்துக் கூரைக்கு இழுத்து மற்றவர்கள் பார்க்கத் தொங்கவிடுவது. பெல்லாரிக் கோதண்டமும் பரோ ரோட்டுக் கூடையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே உத்திரத்தை நோக்கி ஏறியிருக்கின்றன. நன்றாகப் படித்தவனுக்குச் சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டுச் சேர்த்தால் பந்து, பட்டம் போன்ற விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வைத்து லங்காஸ்டரைப் பிள்ளைகளை எந்திரமாக்கிய கொடியவர் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமில்லை. அவருக்கு முந்திய பள்ளிகளில் ஒரு பிள்ளை ஆசிரியர் முன் போய் ஒப்பிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கற்பலகையால் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கையும் பாடவேளை முழுதும் வேலை செய்தது. எந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்த பிள்ளையாக இருந்தாலும் சேரலாம். ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்குச் சில ஷில்லிங் செலவு, அவ்வளவுதான். நாட்டிலுள்ள ஏழைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் படிக்க வைக்க முடியும் என்பதை முதல் தடவையாக ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1805-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரை வேமத்தில் நேரில் வரவழைத்துப் பேசி ஆதரவு கொடுத்தார்.

கல்லூரி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றிய லங்காஸ்டரிடம் எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளி நடத்த ஆள் வேண்டுமே! தேறிய சட்டாம்பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, சாப்பாடு போட்டு, முறையைப் பழக்கி அனுப்பத் தொடங்கினார். ஒரு பதின்வயதுப் பையன் பரோ ரோட்டில் சில மாதம் இருந்துவிட்டுப் புதிய ஊருக்குத் தலைமை ஆசிரியராகப் போனான். இங்கிலாந்தின் முதல் ஆசிரியர் பயிற்சி நிலையம் என்று பின்னாளில் சொல்லப்பட்டது இந்த விடுதியைத்தான். அங்கே கற்பிக்கப்பட்டது ஒரு நிர்வாக முறை. எந்த மணிக்கு எந்தக் கட்டளை, எந்த வரிசை எப்படித் திரும்பும், பலகை எப்படி உயரும் என்பதுதான் பாடம். பிள்ளையின் மனம் எப்படிக் கற்கிறது என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை.

பணக் கணக்கில் மட்டும் லங்காஸ்டர் பள்ளிப் பிள்ளையைவிட மோசம். கையில் வந்ததற்கு மேல் செலவு செய்தார். விருந்துக்கும் வண்டிச் சவாரிக்கும் பையன்களை அழைத்துக்கொண்டு போனார். கடன் ஆயிரக்கணக்கான பவுண்டாக ஏறியது. 1808-இல் ஜோசப் ஃபாக்ஸ் என்ற பல் மருத்துவரும் வில்லியம் கார்ஸ்டன் என்ற தொப்பி வியாபாரியும் நண்பர்களைச் சேர்த்துக் கடனைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். மருந்து வணிகரும் குவேக்கருமான வில்லியம் ஆலன் பொருளாளர் ஆனார். 1814-இல் அந்தக் குழு 'பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டுப் பள்ளிச் சங்கம்' என்று பெயர் பெற்றது. அதே ஆண்டில் சங்கத்தோடு சண்டை பிடித்து, தான் உண்டாக்கிய பள்ளியிலிருந்தே லங்காஸ்டர் வெளியேறினார். குவேக்கர்களும் அவரை விலக்கிவிட்டார்கள். 1818-இல் அமெரிக்கா, பிறகு சீமோன் பொலிவாரின் அழைப்பில் வெனிசுவேலாவின் கராக்காஸ், அங்கும் பணத் தகராறு, பிறகு கனடா. 1838-இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

அதற்குள் இங்கிலாந்து இரண்டு கட்சியாகிவிட்டிருந்தது. சமய வேறுபாடு பாராத லங்காஸ்டர் பள்ளிகள் பெருகுவதைப் பார்த்துத் திருச்சபைக்காரர்கள் பயந்தார்கள். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைப்படி ஏழைகளுக்குக் கல்வி தரத் தேசியச் சங்கம் அமைத்து, மெட்ராஸ் முறையையும் பெல்லையும் தங்கள் கொடியாக்கினார்கள். கவிஞர்கள் சதியும் கோலரிட்ஜும் பெல் பக்கம். ஜேம்ஸ் மில், ப்ரூம் போன்ற சீர்திருத்தக்காரர்கள் லங்காஸ்டர் பக்கம். இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். சண்டை சமயத்தைப் பற்றியது. பெல் பணக்காரராக 1832-இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்விக்கென 1,20,000 பவுண்டு விட்டுப்போனார். அதிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். இன்றும் அதே பெயரில் நடக்கிறது.

லங்காஸ்டர் போன பிறகுதான் பரோ ரோடு ஒழுங்கான நிறுவனமானது. பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் வேறு தொழிலை விட்டுவிட்டு வந்த வாலிபர்கள். சராசரியாக மூன்று மாதம் தங்குவார்கள். அதற்குள் பள்ளி நடத்தும் முறையும் கற்க வேண்டும், தங்களுக்கே தெரியாத இலக்கணம், பூகோளம், கணக்கு எல்லாம் படிக்கவும் வேண்டும். சங்கச் செயலாளர் ஹென்றி டன் 1830-களில் நாடாளுமன்றக் குழுவிடம் அவர்களுடைய நாளை விவரித்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பது பத்து மணிவரை ஓயாத வேலை. பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு. காலையிலும் மாலையிலும் சொந்தப் படிப்பு. மூளை உழைப்புப் பழக்கமில்லாதவர்கள் ஆகையால் சிலருக்கு உடம்பு கெட்டுப்போனதையும் அவர் மறைக்கவில்லை. மூன்று மாதம் போதாது என்று அவருக்கே தெரியும்; அதற்கு மேல் வைத்திருக்கப் பணமில்லை, ஊர்களும் ஆளை அனுப்பு அனுப்பு என்று நெருக்கின.

கடல் கடந்து போகிறவர்களும் அங்கே பழகினார்கள். பல மிஷன் சங்கங்கள் தங்கள் ஆட்களைக் கப்பலேறுவதற்கு முன் சில வாரம் பரோ ரோட்டில் விட்டுவைத்தன. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, சிலி, பெரு என்று ஜேம்ஸ் தாம்சன் இந்தப் பள்ளிகளைக் கொண்டுபோனார். பிரான்சில் 1815-இல் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. வங்காளத்தில் ராபர்ட் மே 1814-இல் சின்சுராவில் இந்த மாதிரியில் பள்ளிகள் நடத்தினார். 1821-இல் பள்ளிச் சங்கம் அனுப்பிய மேரி ஆன் குக் கல்கத்தாவுக்கு வந்து பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார். சென்னையில் மணலைப் பார்த்துக் கிளம்பிய முறை ஒரே தலைமுறைக்குள் இங்கிலாந்து முத்திரையோடு இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டது. வந்தபோது அது இறக்குமதிச் சரக்கு, திண்ணை பிற்போக்கு.

ஆயிரம் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு 1830-களில் ஆட்டம் கண்டது. பத்து வயதுச் சட்டாம்பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லத் தெரியும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் தெரியாது, கேட்க விடுவதுமில்லை. பிள்ளைகள் அட்டையிலுள்ளதைப் படித்தார்கள், பொருள் விளங்காமல். அரசாங்கம் 1833-இல் முதல்முதலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுண்டை இரு சங்கங்களுக்கும் கொடுத்தது. பணம் போனால் மேற்பார்வையும் போகும். பள்ளிகளுக்குள் நுழைந்த ஆய்வாளர்கள் கண்டதை எழுதத் தொடங்கினார்கள்; சட்டாம்பிள்ளை முறைக்கு அது நல்ல சான்றிதழாக இல்லை.

அரசாங்கக் கல்விக் குழுவின் செயலாளரான டாக்டர் ஜேம்ஸ் கே 1839-இல் அரசாங்கமே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தலாம் என்றார். எந்தச் சமயத்தைக் கற்பிப்பது என்ற சண்டையில் திட்டம் கவிழ்ந்தது. அவர் நண்பரோடு சேர்ந்து 1840-இல் பாட்டர்சியில் அரசாங்கத்தை எதிர்பாராமலே ஒரு கல்லூரி தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தில் வேர்லி என்பவர் நடத்திய பயிற்சிப் பள்ளி அவருக்கு முன்மாதிரி. மறு ஆண்டு தேசியச் சங்கம் செல்சியில் செயின்ட் மார்க்ஸ் கல்லூரியைத் திறந்தது. கவிஞர் கோலரிட்ஜின் மகன் டெர்வென்ட் அதன் முதல்வர். பரோ ரோடு இனிமேலும் மூன்று மாதத்தில் ஆளை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது என்றாயிற்று.

1846-இல் வந்த அரசாங்க விதிகள் சட்டாம்பிள்ளைக்கு முடிவு கட்டின. வேறு விதமாகப் பார்த்தால் அவனுக்குச் சம்பளம் போட்டன. பதின்மூன்று வயதில் ஒருவன் மாணவ ஆசிரியனாகச் சேரலாம். ஐந்து ஆண்டு தலைமை ஆசிரியரிடம் தொழில் பழகுவான். அரசாங்கம் அவனுக்கும், அவனைப் பழக்கும் ஆசிரியருக்கும் பணம் தரும். இருபத்தைந்து பிள்ளைக்கு ஒரு மாணவ ஆசிரியன் என்று கணக்கு வைத்தார்கள். கடைசியில் தேர்வில் தேறினால் உதவித்தொகையோடு பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம். ஆயிரத்திலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கி வர இங்கிலாந்துக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

உதவித்தொகையோடு வந்தவர்களுக்கு அடிப்படைப் படிப்பும் வகுப்பறைப் பழக்கமும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே பரோ ரோடு இப்போது உண்மையான கல்லூரியாக முடிந்தது. அதன் மாற்றத்தை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம். ஜோஷுவா ஃபிட்ச் 1824-இல் சதர்க்கில் பிறந்து, பரோ ரோடு பள்ளியிலேயே உதவியாளராக இருந்து, தானாகப் படித்து லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கி, 1856-இல் அந்தக் கல்லூரிக்கே முதல்வரானார். 1863-இல் அரசாங்கப் பள்ளி ஆய்வாளர் ஆனார். 1880-இல் கேம்பிரிட்ஜில் கற்பித்தல் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாக வந்து ஆசிரியர் கல்லூரிகளில் நெடுங்காலம் படிக்கப்பட்டன. கட்டளை வரிசையைக் கற்பித்த இடத்திலிருந்து, கேள்வி கேட்பது எப்படி, பிள்ளைக்கு ஏன் மறக்கிறது என்று பேசுகிற ஒருவர் வந்துவிட்டார். பிரிட்டிஷ் சங்கப் பள்ளிகளை அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தவர் கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால்தான் பள்ளிக்குப் பணம் என்று 1862-இல் விதி மாறியது. மாணவ ஆசிரியர்களுக்கு நேராகக் கிடைத்த உதவி நின்றது. கல்லூரிகளுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். இந்த 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

பெண்களுக்கான பயிற்சிப் பிரிவு 1861-இல் ஸ்டாக்வெலுக்குப் பிரிந்து போயிருந்தது. ஆண்கள் பிரிவும் 1890 வாக்கில் நெரிசலான சதர்க்கை விட்டு மேற்கே ஐல்வொர்த்துக்குப் போனது. அங்கே 1867-இல் திறந்து நடந்துவந்த சர்வதேசக் கல்லூரியின் கட்டடம் அதற்குக் கிடைத்தது. தெரு பின்தங்கிவிட்டது, தெருவின் பெயர் கல்லூரியோடு போனது. காலி செய்த பரோ ரோடு கட்டடத்தில் 1892-இல் பரோ பாலிடெக்னிக் தொடங்கியது. இன்றைய லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகம் அதன் வாரிசு.

இருபதாம் நூற்றாண்டுக் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். எல்லா ஆசிரியர் கல்லூரிகளுக்கும் நடந்ததே இதற்கும் நடந்தது. 1970-களில் இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் சரிந்து ஆசிரியர் தேவை குறைந்தபோது கல்லூரிகளை மூடினார்கள் அல்லது இணைத்தார்கள். 1976-இல் பரோ ரோடு, மரியா கிரே கல்லூரி, சிஸ்விக் பாலிடெக்னிக் மூன்றும் சேர்ந்து மேற்கு லண்டன் உயர்கல்வி நிறுவனம் ஆயின. 1995-இல் அதைப் பிரூனல் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 2006-இல் ஐல்வொர்த் வளாகத்தை மூடி எல்லாவற்றையும் அக்ஸ்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே நம் பக்கத்தில் நடந்தது என்ன? நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்த மன்றோ 1826-இல் ஆசிரியர்களைப் பழக்கச் சென்னையில் ஒரு மையப் பள்ளி வேண்டும் என்று எழுதினார். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆணை பயிற்சிப் பள்ளிகளையும் இங்கிலாந்து மாதிரி மாணவ ஆசிரியர்களையும் இந்தியாவில் கொண்டுவரச் சொன்னது. 1856-இல் சென்னை வேப்பேரியில் நார்மல் ஸ்கூல் தொடங்கியது; பின்னர் அது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. அது திண்ணையிலிருந்து வளரவில்லை. திண்ணை வாத்தியாரையே கூப்பிட்டு, உன் சட்டாம்பிள்ளையும் உன் மணலும் நல்ல ஏற்பாடு, இதோடு இன்னும் நாலு விஷயம் கற்றுக்கொள் என்று சொல்ல முதலில் யாருக்கும் மனம் வரவில்லை. பின்னாளில் சில முயற்சிகள் நடந்தபோது திண்ணைகள் மெலிந்துவிட்டிருந்தன. ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றில் நம் பெரிய நஷ்டம் இது என்பேன். பெல் நம் முறையை எடுத்துக்கொண்டார் என்பதைவிட, அதைப் பெரியதாக்கியபோது லண்டன் செய்த பிழைகளை நாமும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் நமக்குக் கவலை தர வேண்டியது.

தரம்பால் 1983-இல் வெளியிட்ட 'த பியூட்டிஃபுல் ட்ரீ' நூலால் மன்றோவின் கலெக்டர் அறிக்கைகள் பரவலாகத் தெரியவந்தன. அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் சாதியைப் பற்றியும் போயிற்று. வகுப்பறைக்குள் வாத்தியார் என்ன செய்தார், சட்டாம்பிள்ளைக்கு எதை விட்டுக்கொடுத்தார் என்ற கேள்வி இன்னும் காத்திருக்கிறது. அந்த அறிக்கைகள் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் பள்ளிச் சங்கத்தின் ஆவணங்களும் பரோ ரோடு கல்லூரியின் ஆவணங்களும் பிரூனல் பல்கலைக்கழகத்தில். கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் தமிழ் மாணவர்களில் ஒருவராவது இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க முன்வர வேண்டும். அவருக்குப் பயணச் செலவு கொடுக்க நம் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.